‘மீனா’ எண்டு போட்டுல எழுதின கதை

படகுக்குப் பேர் எழுதுற தொழிலில பெயின்ட் காயும், ஊர் வாய் மட்டும் காயாது. பிரஷ் பிடிச்ச மக்களே, உங்களுக்குத் தெரியாததா?

ரெண்டே எழுத்து

ஒலுவில் துறைமுகத்துல போட்டுகளுக்குப் பேரும் நம்பரும் எழுதுறதுதான் என்ட வேலை. போன வருசம் பாண்டிருப்புச் செல்வம் அண்ணன் வந்தார். காலமெல்லாம் அடுத்தவன்ட போட்டுல கூலிக்குப் போன மனிசன். இதுதான் அவர்ட முதல் சொந்தப் போட். பழசுதான், ஓட்டை விழுந்த அடிப்பக்கத்த ஃபைபர் வெச்சு அடைச்சது, அந்த வேலை படிச்ச அவர்ட மூத்த மகள் மீனா. என்ன பேர் எழுதுற எண்டு கேட்டன்.

“செஞ்சவட பேரத்தான் எழுதணும், றியாஸ்.”

கல்லெறியிற இடம்

மீன் வாங்குற மஜீத் ஹாஜியார் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். நான் எழுதின நீல எழுத்தக் கண்டதும் நிண்டிட்டார். “ஓய், மினா எண்டா ஷைத்தானுக்குக் கல்லெறியிற இடமெல்லோ!” அது மக்கத்து மினா, இது மீன்ல இருந்து வந்த தமிழ்ப் பேர் ஹாஜியார் எண்டு சொன்னன். காதுல விழுந்தாத்தானே! செல்வம் அண்ணனோட கடலுக்குப் போக இருந்த ரெண்டு பேரும் பக்கத்துல நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாங்க. போற போக்குல ஹாஜியார் இன்னொண்டும் சொன்னார்.

“இந்தப் பேரோட போனா வலையில கல்லுத்தான் வரும்.”

டுபாய் மீனா

அண்டைக்குப் பின்நேரம் செல்வம் அண்ணன் வாடிப்போய் வந்தார். அந்த ரெண்டு பேரும் முகத்தச் சுளிக்கிறாங்களாம். “ஆளில்லாட்டி போட் மணல்லதான் கிடக்கும், றியாஸ். அழிச்சிடுவமா?” எண்டு கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! என்ட கையால எழுதினத நானே அழிக்கிறதா?

இன்ஜின் திருத்துற நவ்பர் டுபாய் ஹாபர்ல வேலை செஞ்சவன். அறபில மீனா எண்டா துறைமுகம், கல்லெறியிற மினா வேற சொல் எண்டு விளங்கப்படுத்தினான். எனக்குப் பெருநாள் பிறை கண்ட சந்தோசம். அதோட விட்டானா? அண்ணன் முறை வெச்சு நக்கல் வேற.

“துறைமுகத்துக்குள்ள துறைமுகத்தையே கட்டி வைக்கப் போறீங்களா, காக்கா?”

நகைக்கடை மீனா

நானும் விடல்ல. கல்முனையில நகைக்கடை வெச்சிருக்கிற என்ட மச்சானிட்டப் போனன். பச்சையும் நீலமுமா மினுங்கின ஒரு தோட்டை எடுத்துக் காட்டினார். தங்கத்துல இந்த நிறத்தப் பதிக்கிற வேலைக்கும் மீனா எண்டுதான் பேராம், பாரசீகத்துல இருந்து வந்த சொல்லாம். நம்மட மீனுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. ஆனா மச்சான் கடைசியாச் சொன்னதக் கேட்டு, பேர அழிக்கிறல்ல எண்டு அந்த இடத்துலயே முடிவெடுத்திட்டன்.

“நெருப்புல வெச்சு எடுத்தாத்தான் மச்சான், மீனா நிறம் பிடிக்கும்.”

பெருநாள்

போட் இறக்குற விடியக்காலை. அந்த ரெண்டு பேரும் வரல்ல. தனிய ஒரு ஆள் வலை இழுக்கேலாது. செல்வம் அண்ணன் போட் முன்பக்க அணியத்துல கைய வெச்சுக்கொண்டு அப்படியே நிண்டார்.

அப்பத்தான் மீனா வந்தா. “நான் அடைச்ச போட், அப்பா. என்ட பேருக்குக் கல் வருதா மீன் வருதா எண்டு நானே பார்க்கிறன்” எண்டு சொல்லி ஏறிட்டா. நக்கலடிச்ச நவ்பரும் சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு பின்னாலயே பாய்ஞ்சு ஏறினான்.

நான் கரையிலயே கிடந்தன். எனக்குச் சோறுமில்ல, தேத்தண்ணியுமில்ல. மத்தியான லுஹர் பாங்கு சொல்லக்குள்ள போட் வந்திச்சு. மீனா அடைச்ச இடத்துல சொட்டுத் தண்ணிகூடக் கசியல்ல. ஆனா போட் பாரத்துல தாழ்ந்துதான் வந்திச்சு. சூரை மீனும் பாரை மீனும் குவியல் குவியலா! செல்வம் அண்ணன் மகள்ட தலையில கைய வெச்சு அழுதிட்டார். நானும்தான். வராம நிண்ட ரெண்டு பேரும் ஓடி வந்து மீன் இறக்கக் கை குடுத்தாங்க.

மறுகா பார்த்தா, விலை கேட்டு முதல் ஆளா நிக்கிறது மஜீத் ஹாஜியார். “என்ன ஹாஜியார், கல் வாங்க வந்தீங்களா?” எண்டு கேட்டன். மனிசன் கண்கூடச் சிமிட்டல்ல.

“மினாவில கல்லெறியத் தொடங்குற அண்டைக்குத்தானேடா ஹஜ்ஜுப் பெருநாளும்!”

ஒரு பேருக்கு எத்தனை பாஷையில எத்தனை அர்த்தம் கிடந்தாலும், மீன் பட்டிட்டா எல்லாமே நல்ல அர்த்தந்தான்.