ஐந்து நிமிடம் முந்திய வாட்ச்

எண்பதுகளின் பின்பாதியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வருகைப் பதிவுக்கென்று வந்த முதல் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. புரோகிராமும் நான் எழுதியதுதான். கேட்டில் நுழைபவரின் நம்பரை அடித்தால் நேரம் பதிவாகும். எட்டு மணி தாண்டினால் லேட். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு கோடையில் அதன் கடிகார பேட்டரி செத்துப்போனது. கரண்ட் போய்வந்தால் திரையில் எண்பதாம் வருஷம், ஜனவரி முதல் தேதி என்று நிற்கும். ஜன்னலுக்கு வெளியே மரம், கூரை, காக்கை எல்லாம் சிமெண்ட் தூசியில் வெளுத்துக் கிடக்கும். அந்த ஜனவரியில் நான் எங்கே இருந்தேன், யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சும்மா யோசித்துக்கொண்டே இருப்பேன். பிறகுதான் கை வாட்சைப் பார்த்து நேரத்தை அடிப்பேன்.

ஆலைக்குள் சிமெண்ட் அரைக்கும் மில்லில் ஒரு தற்காலிகத் தொழிலாளி இருந்தார். கையில் வாட்ச் கிடையாது. ஊர் டீக்கடை ரேடியோவில் ஏழேகால் செய்தி முடிந்ததும் சைக்கிளை மிதிப்பார். எட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கேட்டில் நிற்பார். மற்றவர்கள் முந்தின பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள். அந்தக் கோடையில் இவருக்கு மட்டும் லேட் விழ ஆரம்பித்தது. இரண்டு மெமோ ஆகிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மிஷின் தப்பா காட்டுதா சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மிஷினுக்கு உங்க மேல என்னங்க பகை?" என்றேன்.

ஆனாலும் மனசு உறுத்தியது. பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். ஆலைச் சங்கோடு ஒப்பிட்டேன், அச்சாக ஒத்துப்போனது. வாட்ச்மேன் என் திரையைப் பார்த்துத்தான் சங்கை ஊதுகிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு காலை பஸ் ஸ்டாண்டில் வாட்சைப் பார்த்து, 'இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு' என்று வழக்கம்போல் கழித்துக்கொண்டேன். பஸ்ஸை விடக்கூடாதென்று ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருந்த வாட்ச் அது. கழிப்பது எனக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியுமா? ஒவ்வொரு முறையும் முள் காட்டியதையே அடித்திருக்கிறேன்.

மேனேஜரிடம் என் தவறென்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மெமோவையும் ரத்து செய்தார்கள். மில்லுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"காலு முன்ன மாதிரி மிதிக்க மாட்டேங்குது, வயசாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன் சார். வூட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, தூசி படிந்த தன் கால்களைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.