மூன்றாவது ஸ்விட்ச்

அந்தச் சனிக்கிழமை காலையில் நடந்தவை:

1. அண்ணி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பாலை ஊற்றி மைக்ரோவேவுக்குள் வைத்து, டைமரைத் திருகினார்.
2. பால் பொங்கி வருவதுபோல் தெரிந்ததால் நான் கதவைத் திறந்தேன்.
3. உள்ளே தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. உறுமலும் நிற்கவில்லை.
4. கதவை அடித்துச் சாத்தினேன். சுவரில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன்.
5. அண்ணி, "உனக்குக் காப்பி வேணுமா, வேண்டாமா?" என்றார்.

கதவு திறந்த கணமே மைக்ரோவேவ் நின்றுவிட வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, தலைநகரின் ஓக்லா தொழிற்பேட்டையில் வீட்டுச் சாதனங்களைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்த பிறகும் ஓடுகிற ஒன்றை அதுவரை லேபில்கூடப் பார்த்ததில்லை. பார்த்தது சரோஜினி நகரில், அண்ணனுக்கு ஒதுக்கியிருந்த அரசுக் குவார்ட்டர்ஸின் முன்னறையில்.

அந்த முன்னறையில்தான் அண்ணி கிரெச் நடத்தினார். காலனியில் அப்பா அம்மா இருவரும் ஆபீஸ் போகிற வீடுகளிலிருந்து ஐந்து குழந்தைகள் வரும். எதற்கும் மூன்று வயது நிரம்பவில்லை. சமையலறை வீட்டின் பின்கோடியில் இருந்தது. பால் காய்ச்ச அண்ணி அடுப்பு முன்னால் நின்றால் முன்னறையில் குழந்தைகளைப் பார்க்க ஆள் கிடையாது. அதற்காகவே அண்ணன் மைக்ரோவேவ் வாங்கினார். அதைத் தாங்குகிற பவர் பிளக் வீட்டில் ஒன்றே ஒன்று, கூலருக்கென்று முன்னறை ஜன்னலுக்குக் கீழே வைத்தது. ஒயரும் நீளமில்லை. ஆகவே மைக்ரோவேவ் ஒரு குட்டை ஸ்டூலின் மேல், குழந்தைகளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்தால் விளக்கு எரியும் என்று ஐந்துக்கும் தெரியும்.

"இது ரிப்பேர்" என்றேன்.

"போன வாரம்தானே சரி பண்ணிட்டு வந்தேன். கதவைத் தொறந்தாலே ஃபியூஸ் போயிட்டிருந்துச்சு. ரிப்பேர் கடை பையா அரை மணியில முடிச்சுக் குடுத்தான். ஒரு வாரமா ஜோரா ஓடுது."

"அதான் அண்ணி பிரச்சினை. நிக்கவே மாட்டேங்குது."

"ஓடலைன்னாலும் குத்தம், ஓடினாலும் குத்தமா உனக்கு?"

பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். அன்று மாலைக்குள் திரும்பப் பூட்டித் தந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவர் அரிசி களையப் போனார். திங்கட்கிழமை காலை ஐந்து குழந்தைகளும் வந்துவிடும்.

மைக்ரோவேவைப் பிரிப்பதில் ஒரு சங்கதி முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கையை உள்ளே விடக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது ஆளைக் கொல்லப் போதுமானது. கை வளையல்களைக் கழற்றினேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். மூடியைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் எதையும் தொடவில்லை. பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பிடியில் இன்சுலேஷன் உள்ள ரெசிஸ்டர் குச்சியால் கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை உள்ளே போனது. இதற்குப் பழகாதவர்கள் மூடியைக் கழற்றவே வேண்டாம் என்பது இன்றைக்கும் என் கருத்து.

கதவருகே மூன்று சின்ன ஸ்விட்சுகள் இருக்கும். கதவு திறந்தால் முதல் இரண்டும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அவை தவறினால் மூன்றாவது வேண்டுமென்றே ஃபியூஸை எரித்துவிடும். நான் கண்டது இது. மைக்ரோவேவ் ஓடும்போதே கதவைத் திறந்து திறந்து, முதல் ஸ்விட்ச் உள்ளே உருகி ஒட்டிப்போயிருந்தது. இரண்டாவதன் நெம்புகோல் அசையவில்லை. கதவின் கொக்கி நுழையும் துளை வழியாக யாரோ ரஸ்க் துண்டுகளைத் திணித்திருந்தார்கள், அவை பாலில் ஊறி, காய்ந்து, சிமெண்டாகியிருந்தன. மூன்றாவதன் ஒயர்கள் வெட்டப்பட்டு, கறுப்பு டேப் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தது. அது கடைக்காரர் வேலை.

அண்ணியைக் கூப்பிட்டேன். சொன்னால் நம்புவார் என்று தோன்றவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் முதல் இரண்டு ஸ்விட்சுகளின் பாதையில் கிளிப் போட்டு மாட்டினேன். பாதை இணைந்திருக்கும்வரை மீட்டர் ஒலிக்கும்.

"பிளக் பிடுங்கியாச்சு. பயப்படாம கதவைச் சாத்துங்க."

சாத்தினார். மீட்டர் பீப் என்றது.

"தொறங்க."

திறந்தார். பீப் நிற்கவில்லை. மறுபடி சாத்தினார், திறந்தார். முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பீப் போய்க்கொண்டே இருந்தது.

"கதவு தொறந்திருக்குன்னு அதுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியலை."

மைக்ரோவேவை இறக்கியதில் காலியாக இருந்த ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்தார். "அந்தப் பஞ்சாபிக் குட்டி கையை நீட்டிக்கிட்டு இதுக்கு முன்னாடியேதான் நிக்கும். பாலை எடுக்க விடாது." பிறகு, "எக்ஸ்ரே மாதிரியா? உடம்புல தங்குமா?"

"தங்காது. பாலைச் சுடவைக்கிற மாதிரி கையையும் சுடவைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குக் கெடுதல். யாருக்காவது சூடு பட்டுச்சா, தோல் சிவந்துச்சா?"

"இல்லை. நான் எப்பவும் டிங்குன்னு அடிச்சப்புறம்தான் தொறப்பேன். அதுங்க..." என்று நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மாலைக்குள் பூட்டித் தரச் சொல்லவில்லை.

பாகங்கள் வாங்கச் செங்கோட்டைப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போகும் வழியில், அண்ணி ஆட்டோவை அந்த ரிப்பேர் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் டேப் சுற்றிய ஒயரைப் பார்த்தார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஃபியூஸ் போகக் கூடாது என்றுதானே நீங்கள் சொன்னீர்கள், போனதா என்று இந்தியில் கேட்டார். அண்ணி அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆட்டோக்காரரிடம் "சலோ பையா" என்று கிளம்பச் சொல்லி ஏறிக்கொண்டார்.

மூன்று ஸ்விட்சுகளையும் ஒரே மாடலில் வாங்கினேன் என்று சொன்னால் தவறு. முதல் இரண்டும் அழுத்தினால் இணைப்பவை, மூன்றாவது அழுத்தினால் துண்டிப்பது. மாற்றிப் போட்டால் வேறு வகை ஆபத்து. ஒவ்வொன்றையும் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை துளையிலிருந்து ரஸ்க்கை ஊசியால் சுரண்டி எடுத்து, கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, ஸ்விட்சுகளைப் பொருத்தினேன். இப்போது கதவைத் திறந்ததும் பீப் நின்றது.

"அப்போ நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றார் அண்ணி.

"கதவு ஓரமா மைக்ரோவேவ் கதிர் கசியுதான்னு பாக்கணும். அந்த மீட்டர் லேப்ல இருக்கு. கேட்டு நாளைக்குச் சாயங்காலம் கொண்டாரேன்."

"நாளைக்குப் பகல்ல?"

"நான் அரை நாள் லீவு போடுறேன். நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க. நான் பசங்களைப் பாத்துக்குறேன்."

"நீயா?" என்று சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு, "அம்மாக்கள்கிட்ட சொல்லணுமா?" என்றார்.

ஸ்விட்ச் மாற்றுவதற்கு எதற்குப் பிறகு எது என்று என்னிடம் ஒரு வரிசை இருந்தது. இதற்கு இல்லை. சொன்னால் சிலர் குழந்தைகளை நிறுத்திவிடக்கூடும். அந்த கிரெச் அண்ணி தானே ஆரம்பித்து, வீடு வீடாகப் போய்ப் பேசி நிலைநிறுத்தியது. "உங்க இஷ்டம் அண்ணி" என்றேன். அது நல்ல பதில் அல்ல.

திங்கட்கிழமை காலை குழந்தைகளை விட வந்த ஒவ்வொருவரிடமும் வாசலிலேயே சொன்னார். தமிழர்களிடம் தமிழில், மற்றவர்களிடம் அவரது திருச்சி இந்தியில். கதவு திறந்திருந்தும் ஓடியது, ஒரு வாரம் அப்படி இருந்திருக்கிறது, குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாத்தனார் சரி செய்திருக்கிறாள், பரிசோதித்த பிறகுதான் போடுவோம். பஞ்சாபிக் குழந்தையின் அம்மா தன் வீட்டு இஸ்திரிப் பெட்டிகூடத்தான் ஷாக் அடிக்கிறது, அதையும் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். இருவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒருவர் குழந்தையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுச் சென்றார்.

மாடி வீட்டுத் தமிழ் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ரிப்பேர் கடையில நீங்க பாத்து வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மாலையில் குழந்தையோடு மாற்றுத் துணிப் பையையும் எடுத்துக்கொண்டார். "ஊர்ல இருந்து மாமியார் வர்றாங்க. இனிமே அவங்க பாத்துக்குவாங்க."

"அச்சா. பாப்பாவோட சிப்பர் கப்பை மறந்துடாதீங்க" என்று அண்ணி அதையும் கழுவிக் கொடுத்தார்.

லேபிலிருந்து கொண்டுவந்த மீட்டரை ஒரு டம்ளர் தண்ணீர் சூடாகும் நேரம் முழுக்கக் கதவின் விளிம்பைச் சுற்றி நகர்த்தினேன். கசிவு பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. ஓடும்போதே திறந்தேன், உடனே நின்றது. அண்ணியையும் திறக்கச் சொன்னேன். அவர் மூன்று தரம் திறந்து பார்த்தார்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. மைக்ரோவேவ் இப்போது குட்டை ஸ்டூலில் இல்லை. ஜன்னல் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு இரும்பு டிரங்குப் பெட்டிகளின் மேல் இருக்கிறது, ஒயர் இழுத்துப் பிடித்தாற்போல் எட்டுகிறது. சமையலறையில் பவர் பிளக் வைக்கச் சொல்லி குவார்ட்டர்ஸ் பராமரிப்பைப் பார்க்கும் காலனி என்கொயரி ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆள் வரவில்லை. நான்கு குழந்தைகள் வருகின்றன. மாடி வீட்டு மாமியார் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை, அந்தக் குழந்தை இப்போது அடுத்த பிளாக்கில் வேறொருவரிடம் இருக்கிறது. கேட்டு வந்தவர்கள் இருந்தும், ஐந்தாவது இடத்துக்கு அண்ணி யாரையும் சேர்க்கவில்லை.