ஒரு ஊருக்கு ஒரே சுண்டல் கடை

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரம் பேருந்து நிலையத்தில் நான் வலப்பக்க ஜன்னலோரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இடப்பக்கத்தில் வெயில் அடிக்கும். இந்த முடிவின் பலன்களைக் காஞ்சிபுரம் வரை, சுமார் அறுபது கிலோமீட்டர், முழுமையாக அனுபவித்தேன்.

பயணத்தின் காரணம் என் நண்பன் சேகர். வேலையை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் மூன்று சுண்டல் கடைகள் நடத்துகிறான். வகை ஒன்பது. இனி தன் பெயரில் மற்றவர்களும் கடை வைக்கலாம் என்று காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தான். அவன் மனைவி கவிதா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இன்னிக்கு ஒருத்தராவது கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நாளைக்கே பழைய ஆபீஸுக்குப் போன் பண்ணு." பேருந்தில் சேகர் ஒப்பந்தத் தாளை மூன்று முறை படித்தான். மடியில் சுண்டல் தூக்கு இருந்தது.

நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். "மீட்டிங்கா சார்? மாசம் எத்தினி வட்டி தரேன்றாங்கோ?" என்றார் ஓட்டுநர். சுண்டல் என்றோம். "அது சேஃப்டிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

முப்பது பேர் வந்திருந்தார்கள். சேகர் பேச எழுந்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சுண்டல் கோயில்ல சும்மாவே தராங்களேபா!" சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. தூக்கு ஒரு சுற்று போய்வந்த பிறகு கூட்டத்தின் மதிப்பீடு மாறியது. அடுத்த படம் திரையில் விழுந்தது: ஒரு ஊருக்கு ஒரே கிளை.

பாய்க்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் எழுந்தார். "எந்த ஊருபா?"

"காஞ்சிபுரம்தான் சார்."

"அத்தான் கேக்குறேன். பெரிய காஞ்சிபுரமா, சின்ன காஞ்சிபுரமா?"

கடையின் அளவைக் கேட்கிறார் என்று சேகர் நினைத்துவிட்டான். "சின்னதா ஆரம்பிப்போம் சார். ஆறே மாசத்துல பெரிசாக்கிடலாம்."

மண்டபம் அதிர்ந்தது. "சின்ன காஞ்சிபுரத்தப் பெரிசாக்க நீ யாருபா?" என்றார் சின்ன காஞ்சிபுரத்துக்காரரான ரஹீம் பாய். சிவன் கோயில் பக்கம் பெரிய காஞ்சிபுரம், பெருமாள் கோயில் பக்கம் சின்ன காஞ்சிபுரம் என்று பக்கத்திலிருந்தவர் விளக்கியபோது சேகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து எழுந்தவர் பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் புவனா. "ஊரு ஒன்னுதான் தம்பி. கார்ப்பரேசன் ஒன்னு, வரியும் ஒன்னு. நான் மொதல்ல கையெழுத்துப் போடறேன், முழு ஊரையும் எனக்கே எழுது."

"ஊரு ஒன்னா?" என்றார் ரஹீம் பாய். "உம் பொண்ண எங்க பக்கம் கட்டிக் குடுத்தப்ப, வெளியூருக்கு அனுப்புறா மாதிரி அழுதுக்கினு இருந்தியேம்மா!"

"அது பாசம் பாய். இது யாபாரம்."

அரைமணி நேரம் நடந்த விவாதத்தை நான் எந்தக் கோபுரத்துக்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். புவனா மகளின் திருமணத்தில் அழுததற்கு மண்டபத்தில் நான்கு சாட்சிகள் இருந்ததால், ஊர் இரண்டு என்று முடிவானது. எல்லை எங்கே என்று சேகர் கேட்டதும், இரண்டு மூன்றாகும் அபாயம் வந்தது. கடைசியில் இரு தரப்பும் ஒரு சாலையை எல்லையாக ஒப்புக்கொண்டன. சேகர் பேனாவாலேயே ஒப்பந்தத்தைத் திருத்தினான். இரண்டு கையெழுத்துகள்: புவனா, ரஹீம் பாய். கவிதாவை அழைத்து, "ஒன்னு இல்ல, ரெண்டு" என்றான். எனக்கும் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

வரைபடம் ஒரு ஊரை ஒன்று என்கிறது. அங்கே பெண் கொடுத்தவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கோயில்களைக் காலையிலேயே பாருங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். ஆட்டோ ஏறும்போது எந்தக் காஞ்சிபுரம் என்று சொல்லுங்கள், வாடகை மாறும். பட்டு வாங்குவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், கூட்டம் அதிகம்.

இரண்டு கிளைகளும் தை மாதம் திறக்கப்பட்டன. பெரிய காஞ்சிபுரம் கிளை அந்தச் சாலைக்கு மேற்கே இருக்கிறது. சின்ன காஞ்சிபுரம் கிளை அதற்கு நேர் எதிரே.