பிரேக்கில் இருந்த கால்

முதுகுவலி என்று சொன்னால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. கையில் கட்டுப் போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். என் வலிக்குக் கட்டுப் போட இடம் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நான் நல்ல உயரமான, நெஞ்சு அகன்ற, முடி கொட்டாத ஆள். இத்தனை வருஷத்தில் "பாத்தா ஒண்ணும் தெரியலையே" என்று என்னிடம் சொல்லாதவர்கள் சிங்கப்பூரில் குறைவு.

எழுபதுகளில் நான் பஸ் ஓட்டினேன். நம்பர் போட்டு ஓடும் பஸ் இல்லை. ஜூரோங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் தனியார் பஸ். முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். அவரிடம் இருந்த பஸ்கள் எல்லாமே யாரோ ஓட்டிக் களைத்து விற்றவை. என் பஸ்ஸின் எஞ்சின் எனக்கு இடப்பக்கம் ஒரு தகர மூடிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருக்கும். கிளட்சை மிதிக்க இடுப்பையே தூக்கி இறக்கவேண்டும். சீட்டில் பஞ்சு போய் கம்பி முட்டியது. என் மனைவி பழைய சேலையை மடித்துத் தைத்து ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தாள். அதன்மேல் உட்கார்ந்துதான் காலையும் மாலையும் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜூரோங்குக்கும், ஜூரோங்கிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கும் ஓட்டினேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு வலி வந்தது. முதலில் இடுப்பில் மட்டும் இருந்தது. பிறகு வலது தொடையின் பின்பக்கமாக, காய்ச்சிய கம்பியை மெல்ல இறக்குவதுபோல் இறங்கியது. கெண்டைக்காலுக்கு வந்ததும் சூடு நின்றுவிடும். பாதத்தில் ஒன்றுமே இருக்காது. காலுறை போட்டிருப்பதுபோல் தோன்றும். குனிந்து பார்த்தால் வெறுங்காலாக இருக்கும். வலிப்பதைவிட இப்படி வலிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி டாக்டரிடம் போனேன். சட்டையைத் தூக்கச் சொன்னார், விரலால் இரண்டு இடத்தில் அமுக்கினார், மஞ்சள் தைலம் ஒரு புட்டி கொடுத்தார். இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதினார். மறுமாதம் போனபோதும் அதே தைலம். மூன்றாம் முறை போனபோது நான் உட்காருவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்.

ஒரு நாள் காலை, ஜூரோங் போகும் வழியில் ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இடுப்பிலிருந்து முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். பஸ் கோட்டைத் தாண்டி நின்றது. குறுக்கே வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துவிட்டு வளைத்துக்கொண்டு போனான். பின்னால் உட்கார்ந்திருந்தது எல்லாம் ரேடியோ ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்கள். அதில் ஒரு பிள்ளை, "அங்கிள், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அவர்களை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை ஊர்ந்தாற்போல் ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். எங்களுக்கு மண்டோராக இருந்தவன், அதாவது டிரைவர்களுக்கு மேலாள், என் பழைய கூட்டாளி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் லைசென்ஸ் எடுத்தோம். ஒரே பங்குக் கோயிலுக்குப் போகிறவர்கள். ஞானஸ்நானத்தில் என் மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றது அவன்தான். அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு நாள் எம்.சி. எடுத்துக்கிட்டு வீட்டுல படு" என்றான்.

"எம்.சி. இல்லடா. எனக்குக் கால் தெரியல. பிரேக்கு தெரியல. நான் இனிமே ஓட்டக்கூடாது. வேற ஏதாச்சும் வேலை குடுக்கச் சொல்லு. பஸ் கழுவுறேன், எண்ணெய் போடுறேன், ஜாகா மாதிரி காவலுக்குக் கேட்டுல உக்காந்துக்கிறேன்."

"சரி, தவுக்கேகிட்ட பேசுறேன்" என்றான்.

ஒரு வாரம் ஓட்டவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. இந்த வலியைத் தெரியாதவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சில நாட்களில் அது எங்கோ போய்விடும். நானும் பழைய ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு நாளில் மனைவியோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு நடந்தே வந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தரையில் கிடந்தேன். கக்கூஸுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். மூட்டையைத் தூக்கியதைத் தெருவே பார்த்தது. தரையில் கிடந்ததை என் மனைவி மட்டும்தான் பார்த்தாள்.

தவுக்கே கூப்பிட்டு அனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் நின்றுகொண்டு மண்டோர். தவுக்கே எங்களிடம் மலாயில்தான் பேசுவார். ஓட்ட முடியுமா, முடியாதா என்பதை "போலே, தா போலே?" என்று கேட்டார். முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மண்டோரைப் பார்த்தார்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல், மலாயில், தெளிவாகச் சொன்னான்: "போன வாரம் தேக்காவில் இவன் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டான்.  தோளில் தூக்குவது வேறு, காலில் உணர்ச்சி இல்லாதது வேறு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது. தவுக்கே சிரித்தார். நாளைக் காலை பஸ்ஸை எடு, இல்லையென்றால் வராதே என்றார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரமே என் பஸ்ஸை மண்டோரின் மச்சினன் ஓட்டினான். அதற்காகத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்றும் சொல்லமாட்டேன். என் மனைவி தைத்த மெத்தை அந்த சீட்டிலேயே இருந்துவிட்டது.

அதன் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் இளம் டாக்டர். நல்ல பையன். "நீங்க இன்னும் சீக்கிரம் வந்திருக்கணும்" என்றார்.  தைலப் புட்டிகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் அடுக்கிக் காட்டியிருக்கவேண்டும். நரம்பு செத்தது செத்ததுதான், இனி அது சில நாள் எரியும், சில நாள் மரத்துப்போகும், பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்து வந்தோம். சொந்த வீடு, சொந்தக் கக்கூஸ் என்று மனைவிக்குச் சந்தோஷம். எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும், ஏழில் நிற்காது. ஐந்தில் இறங்கிப் படி ஏறலாம், ஒன்பதுக்குப் போய்ப் படி இறங்கலாம். எனக்கு இறங்குவதுதான் மோசம். வலது காலை எந்தப் படியில் வைத்தேன் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அடுத்த காலை எடுக்கமுடியும். பின்னால் வருகிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

மனைவி ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வீட்டில் பலகைமேல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் ராணுவ சேவைக்குப் போய் வந்தான். ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "கேம்ப்ல எவனுக்கு ஓட இஷ்டமில்லையோ அவன் பேக் பெயின்னு சொல்லிடுவான்பா. டாக்டரால கண்டுபிடிக்கவே முடியாது லா. கெங்குறதுக்கு அதுதான் பெஸ்ட்."

கெங்குவது என்றால் நோய்போல நடிப்பது. அவன் என்னைச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து போகலாம் என்றால் சட்டென்று எழவும் முடியாது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பங்கில் குணமளிக்கும் ஜெபக்கூட்டங்கள் நடந்தன. மனைவி ஒரு மாதம் கெஞ்சினாள். தடியை ஊன்றிக்கொண்டு போனேன். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார் என் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தி ஜெபித்தார். சுற்றிலும் பாட்டு, கைத்தட்டல். "தடியைப் போட்டுட்டு நடங்க" என்றார். நடந்தேன். உண்மையாகவே அந்த நேரம் வலிக்கவில்லை. மண்டபமே அல்லேலூயா என்றது. என் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் நம்பினேன்.

மறுநாள் பலகையிலிருந்து எழ முடியவில்லை. அடுத்த வாரம் மனைவி மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.  "விசுவாசம் பத்தாதாம்" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குன்னு வச்சுக்குங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் கால் வெந்தது. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் வாடை. "அடுப்புல என்ன வச்சே?" என்று சத்தம் போட்டேன். அவள் வந்து பார்த்து அலறினாள். கொசுவத்திச் சுருளின் மேல் என் வலது பாதம் இருந்தது. கருகியது என் தோல். அப்போதும் எனக்கு வலிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தபோது பஸ்ஸில் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். துளியும் வலிக்காத காலுக்காக.

கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் உட்கார்ந்தே இருப்பேன். மண்டோர் பெரும்பாலும் எனக்குப் பின்வரிசையில் இருப்பான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிக் கும்பிடுவார்கள். நான் திரும்பமாட்டேன். முதுகுவலியால் திரும்ப முடியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். முடிந்திருந்தாலும் திரும்பியிருக்கமாட்டேன்.

தன் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனைக் கூப்பிடாமல் இருக்கமுடியாது என்றான் மகன். மண்டோர் வந்தான். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒன்பதாம் மாடியில் இறங்கிப் படியிறங்கி எங்கள் வீட்டுக்கும் வந்தான். மனைவி காப்பி கொடுத்தாள். தன் பேரப்பிள்ளைகள், வெயில், தேக்காவில் கட்டியிருக்கும் புது மார்க்கெட் என்று பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ இன்னும் அதை மனசுல வச்சிருக்கேன்னு தெரியும். உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன். முடியும்னு தவுக்கே நெனைச்சா வேலை நிலைக்கும்னு பாத்தேன். நீதான் ரோஷப்பட்டு சாவியை வச்சிட்டே."

"பின்னால நாப்பது பொம்பளப்புள்ளைங்க உக்காந்திருந்தாங்க" என்றேன்.

"அதான் ஒண்ணும் ஆகலையே லா."

அவனுக்கு அது உண்மையாகவே புரியவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபத்துக்குப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. குறைவதற்குப் பதிலாக அது உள்ளேயே தங்கிவிட்டது. காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். வாசல்வரை போய் வழியனுப்ப நான் எழவில்லை.

இப்போது எனக்கு அறுபதுக்கு மேல். குனிய முடியாது, குனிந்தாலும் பாதம் என் பேச்சைக் கேட்காது. அதனால் கால் நகத்தை மனைவிதான் வெட்டிவிடுகிறாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கால்மணையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்கும் கண் மங்கிவிட்டது. போன ஞாயிறு பெருவிரலில் சதையோடு வெட்டிவிட்டாள். எனக்குத் தெரியாது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சேலையில் ரத்தம் ஊறியதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"சொல்லக்கூடாதா நீங்க?" என்று என்மேல் கோபப்பட்டாள். பிறகு, நான் எப்படிச் சொல்வேன் என்பது நினைவுக்கு வந்து அழுதாள்.

எனக்கும் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பேப்பரை மடித்து வைத்தேன். அவள் துணியைச் சுற்றிக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை, பார்க்க மட்டும் முடிந்தது. ரத்தம் நின்றதும், "அந்தக் கால் நகத்தையும் வெட்டிடு" என்றேன்.