கெலாங் பாத்தா தோட்டத்து டிராம் வண்டி

புதன்கிழமை. ஜொகூர் பாரு பேருந்து நிலையத்துச் சுவர்க் கடிகாரம் காலை எட்டு மணி காட்டியது. அது தோக்கியோ நேரம். ஜப்பான்காரர்கள் வந்த கையோடு கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் கடிகாரத்தில் எட்டு அடித்தும் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. என் சாக்கில் ஒரு திருகு ஜாக்கி, இரண்டு ஸ்பானர், சுத்தியல், உளி, இரும்பு அறுக்கும் வாள், அதற்கு மூன்று பிளேடு, அவித்த மரவள்ளிக்கிழங்கு இவ்வளவும் இருந்தன. ஜாக்கி நான் வேலை பார்க்கும் பஸ் பட்டறையைச் சேர்ந்தது. யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். தங்கைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நான்கு நாள் விடுப்பு வாங்கியிருந்தேன்.

போகிற இடம் கெலாங் பாத்தாவுக்கு இரண்டு மைல் முன்னால் உள்ள ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு டிராம் வண்டி நின்றது. சிங்கப்பூரில் டிராம் ஓட்டத்தை நிறுத்தியபோது வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தத் தோட்டத்து வெள்ளைக்கார துரை முப்பத்தொன்றாம் எண் வண்டியை வாங்கி, தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏற்றி ஆற்றுவழியாகக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வார்டாக்கிவிட்டார். அந்த வண்டியை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வயதில் டிராம் கொட்டகையில் தச்சனாகச் சேர்ந்தபோது நான் முதலில் கூரைப் பலகை மாற்றியது அதற்குத்தான்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி எனக்கு ஆளனுப்பிச் சொல்லியிருந்தார். இரும்பு வசூலிக்க வந்த ஜப்பானிய அதிகாரி, சனிக்கிழமை லாரி வரும், வண்டியை உடைத்துச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம், பலகையைக் கரி சுடப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரும்பைத் தனியாகக் கழற்றிச் சாலையோரத்தில் வைத்தால் பெட்டியை விட்டுவிடுவீர்களா என்று கிராணி கேட்டாராம். "சனிக்கிழமை காலையில் இரும்பு இங்கே இருந்தால் பெட்டி எனக்கு எதற்கு" என்றாராம் அதிகாரி. உள்ளே பதினொரு நோயாளிகள். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. தோட்டத்தில் வண்டி வேலை தெரிந்த ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் போனதுதான்.

ஸ்கூடாய்க்குப் பத்து மைல். கட்டணம் இரண்டு டாலர், ஜப்பான்காரர்கள் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டில். பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் பின்னால் பீப்பாய் போன்ற அடுப்பில் கரி எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டே நானும் தள்ளினேன். பக்கத்தில் தள்ளிய ஒருவர் செனாய்க்கு மருந்து தேடிப் போவதாகச் சொன்னார்.

"என்னாண்ணே இவ்வளவு கனம்?" என்று என் சாக்கைக் காட்டிக் கேட்டார்.

"இரும்பு."

"அலமாக். பாலத்துல புடிப்பாங்களே."

பிடித்தார்கள். ஸ்கூடாய்ப் பாலத்தில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். நான் குனிந்தது போதவில்லை என்று ஜப்பானியக் காவல்காரன் கன்னத்தில் ஒரு அறை விட்டான். பிறகு சாக்கை அவிழ்த்து ஜாக்கியை வெளியே எடுத்தான். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அறை விழுந்ததில் அது மறந்துபோயிற்று. உண்மைதான் வாயில் வந்தது. தோட்டத்தில் உங்கள் படைக்காக இரும்பு கழற்றப் போகிறேன் என்று மலாயில் சொன்னேன். அவனுடன் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் அதை எடுத்துச் சொன்னார். காவல்காரன் ஜாக்கியை என் கையில் திருப்பிக் கொடுத்து, போ என்று கையை ஆட்டினான். சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

ஸ்கூடாயிலிருந்து தோட்டத்துக்கு ஒன்பது மைல், நடக்கத் தொடங்கினேன். நண்பகலுக்குச் சற்று முன் தேங்காய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் சாலே என்ற மலாய்க்காரர். தோட்டத்துப் பெயரைச் சொன்னதும், "டிராம் ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். அவர் மனைவியின் காய்ச்சலை அங்கேதான் தீர்த்தார்களாம். கூலி வாங்க மறுத்துவிட்டார். வழிநெடுக ரப்பர் மரங்கள் பால்வெட்டு இல்லாமல் கிடந்தன. மரங்களுக்கிடையே புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அங்கங்கே மரங்களை வெட்டி மரவள்ளி போட்டிருந்தார்கள். மாலை நான்கு மணிபோல் தோட்டத்து வாசலில் இறங்கினேன்.

வண்டி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேற்கே, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்தின் பக்கத்தில் நின்றது. பச்சை வண்ணம் பாதி உரிந்திருந்தாலும் 31 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. தேக்குச் சட்டங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். எங்கும் உளுத்துப்போகவில்லை. சக்கரங்கள் நான்கும் பாதிவரை மண்ணில் புதைந்திருந்தன.

உள்ளே நீள இருக்கைகளைக் கட்டிலாக்கியிருந்தார்கள். காலில் புண் வைத்தவர்கள் ஆறு பேர், மலேரியாவில் ஐந்து பேர். புண்ணின் நாற்றத்தை அடக்க வேப்பிலை கொளுத்தியிருந்தார்கள். வார்டைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை ஆயா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மருந்து கொடுத்துவந்த டிரஸ்ஸரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவரேதான் டாக்டர், அவரேதான் தோட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு ஆளா வந்தீங்க?"

"ஒரு ஆள்தான் அக்கா."

"சரி. கையும் காலும் இங்க நிறைய இருக்கு. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க தம்பி, நாங்க செஞ்சுக்குவோம்."

வியாழக்கிழமை. விடிந்ததும் நோயாளிகளைக் காலி லயத்துக்கு மாற்றினார்கள். பால்வெட்டுப் பெண்கள் நாற்பது பேர் வந்து நின்றார்கள். செய்யவேண்டியது என்னவென்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். மேலே மரப்பெட்டி, கீழே சக்கரச் சட்டம். இரண்டையும் எட்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி, பெட்டியை இரண்டடி உயர்த்தி, சக்கரச் சட்டத்தைக் கீழிருந்து உருட்டி வெளியே கொண்டுவந்து, பெட்டியைத் திரும்ப மெல்ல இறக்க வேண்டும். கோடாகப் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பதினேழு வருட மழை போல்ட்டுகளை மரையோடு சேர்த்து இறுக்கியிருந்தது. மண்ணைத் தோண்டி, செம்பனை எண்ணெய் ஊற்றி, கரி நெருப்பு காட்டி, ஸ்பானரின் பிடியில் குழாயைச் செருகி நான்கு பேர் தொங்கினார்கள். மதியத்துக்குள் ஆறு கழன்றன. இரண்டு அசையவே இல்லை. வாளை எடுத்தேன். இரண்டிரண்டு பேராக முறைவைத்து அறுத்தார்கள். முதல் பிளேடு சீக்கிரமே ஒடிந்தது. இரண்டாவது ஒரு போல்ட்டை முடித்துத் தேய்ந்துபோயிற்று. மூன்றாவது கடைசிப் போல்ட்டில் பாதி போனதும் ஒடிந்தது. மிச்சத்தை உளியால் வெட்டினோம். அது முடியவே சாயங்காலம் ஆகிவிட்டது. என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அஞ்சலை ஆயா கேட்காமலே என் கையைப் பிடித்து வைத்துத் துணி சுற்றினார்.

வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு ஜாக்கி. முன்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகு பின்பக்கம் போய் இரண்டு அங்குலம். மூடிக் கிடந்த புகைக்கூடத்திலிருந்து செங்கால் என்ற காட்டுமரத்தின் கனத்த கட்டைகளைப் பெண்கள் தூக்கி வந்து அடுக்கினார்கள். எட்டு அங்குலம் வரை ஒழுங்காகப் போயிற்று. அப்போது மழை பிடித்தது. செம்மண் குழைந்து ஜாக்கியின் அடி ஒரு பக்கமாக இறங்க, பெட்டி முறுகி, இரண்டு சன்னல் கண்ணாடிகள் தெறித்தன. கீழே கட்டை நகர்த்திக்கொண்டிருந்த பாக்கியம் என்ற பெண்ணை இன்னொருத்தி காலைப் பிடித்து இழுத்தாள். ஒரு கண நேரம் தாமதித்திருந்தால் நசுங்கியிருப்பாள்.

வேலையை நிறுத்தினேன். அஞ்சலை ஆயாவிடம் போனேன்.

"அக்கா, வேணாம். பெட்டியைப் பிரிச்சிடலாம். பலகையா எடுத்து ஒளிச்சு வைப்போம். பின்னால கொட்டாய் போட்டுக்கலாம்."

அவர் பாக்கியத்தின் முழங்காலைத் துடைத்துக்கொண்டே பேசினார். "பலகையா இருந்தா விறகும்பாங்க தம்பி. கொண்டு போயிடுவாங்க. பெட்டியா நின்னாதான் அது ஆஸ்பத்திரி. பதினோரு பேரை எங்க படுக்க வைப்பேன்? அந்த லயத்துக்குப் பாதிக் கூரையே கிடையாது."

"மண்ணு தாங்கல அக்கா. ஜாக்கிக்குக் கீழ கல்லு வேணும். நல்ல கனமான, தட்டைக் கல்லு."

பாக்கியம்தான் சொன்னாள். "அம்மி இருக்குல்ல?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "இப்ப அரைக்கிறதுக்கு என்ன இருக்கு வீட்ல? எடுத்துக்குங்கண்ணே" என்றாள்.

கால் மணி நேரத்தில் ஒன்பது அம்மிக்கல்கள் மழையில் வந்து சேர்ந்தன. இரண்டு பேராகச் சுமந்து வந்தார்கள். குழைந்த மண்ணை வழித்தெடுத்து, சரளை கொட்டி, மேலே அம்மிகளைப் படுக்கவைத்தோம். அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி நான் முதல் சுற்று திருகினேன். கல் அசையவில்லை. பெட்டி நிமிர்ந்தது. அதன்பிறகு கீழே போகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பாக்கியம் விடவில்லை, மறுபக்கத்தில் அவளும் புகுந்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டடி இடைவெளி கிடைத்தது. சக்கரங்களுக்கு முன்னால் ரப்பர் மரத்தடிகளைத் தண்டவாளம்போல் போட்டு, கப்பிக்கயிற்றைக் கட்டி நாற்பது பேரும் இழுத்தார்கள். முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் சக்கரம் உறுமிக்கொண்டு அரைச் சுற்று உருண்டது. அந்த வண்டி சிங்கப்பூர்ச் சாலையில் உருண்ட சத்தம் என் காதுக்குப் பழக்கம். இது அந்தச் சத்தமில்லை. ஆனாலும் அதே சக்கரம்தான். எனக்குக் கண் கலங்கியது. மழை இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தி சாய்வதற்குள் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி செங்கால் கட்டைமேல் உட்காரவைத்தோம். சக்கரச் சட்டம் சாலையோரம் போய் நின்றது.

சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு லாரி வந்தது. அதிகாரி இறங்கி இரும்பைச் சுற்றி நடந்து பார்த்தார். தலையை ஆட்டினார். எங்களுக்கு மூச்சு வந்தது. உடனே அவர் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். டிராம் ஓட்டுபவர் காலால் அழுத்தி அடிக்கும் பித்தளை மணி, கதவுப் பிடிகள், சன்னலோரக் கம்பிகள் எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிட்டன. கிராணி ஏதோ சொல்லப் போனார். அதிகாரி கேட்கவில்லை. இரண்டு சிப்பாய்கள் சுத்தியலோடு முன்னே வந்தார்கள்.

சுத்தியல் பட்டால் சட்டம் பிளக்கும். நான் குறுக்கே போய்க் குனிந்தேன். இந்த முறை நன்றாகவே குனிந்தேன். நானே கழற்றித் தருகிறேன் என்றேன். சிப்பாய்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் என்று விரலால் காட்டினார். மணியையும் பிடிகளையும் கம்பிகளையும் ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். மரத்தில் ஒரு கீறல் விழவில்லை. என் வயதில் பாதிக் காலம் தெரிந்த மணியை நானே கழற்றி லாரியில் வைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதும் அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. பெட்டிக்குள் இன்னும் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஏறினார். அஞ்சலை ஆயா அதற்குள் நோயாளிகளில் புண்ணுக்காரர்கள் சிலரைக் கொண்டுவந்து படுக்க வைத்து, புண்கட்டுகளை எல்லாம் அவிழ்த்துப் போட்டு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, குனியவும் இல்லை. ஒருத்தியின் கெண்டைக்காலைக் கையில் ஏந்தியபடியே இருந்தார். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். லாரி கிளம்பியது.

பெண்கள் அவரவர் அம்மியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். மறுநாள் பட்டறையில் ஆள் எண்ணும்போது நான் இருந்தாக வேண்டும். ஜாக்கியும் இருந்தாக வேண்டும். கிராணி கொஞ்சம் மரவள்ளி கட்டிக் கொடுத்தார். அஞ்சலை ஆயா சன்னல் வழியாகவே, "கையை நனைக்காதீங்க தம்பி, சீழ் வைக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மாதம் நான்கைந்து வண்டிகளுக்குப் பெட்டி கட்டுகிறோம். எல்லாம் ஓடுகிற வண்டிகள். எங்கே போகின்றன, யாரை ஏற்றிக்கொண்டு போகின்றன என்று நான் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். சயாமுக்குப் போகும் ஆட்களை ரயில் நிலையம்வரை கொண்டுபோனவற்றில் நான் ஆணி அடித்த வண்டியும் இருந்திருக்கலாம். இந்த ஒரு வண்டி இனி எங்கும் போகாது. நான் மனதாரச் செய்த வேலை அதுதான் என்று சாலையில் நடக்கும்போது தோன்றியது.

திருப்பத்தில் ஒருமுறை நின்று பார்த்தேன். சக்கரம் போனதால் பெட்டி தரையோடு தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. லயத்தில் மிச்சமிருந்த நோயாளிகளை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். காலில் புண் வைத்த ஒருத்தி வாசலுக்கு வந்ததும், இரண்டு பக்கமும் தாங்கி வந்தவர்கள் வழக்கம்போல் அவளைத் தூக்கி உள்ளே ஏற்றக் குனிந்தார்கள். அவள் அவர்கள் கையை விலக்கிவிட்டு, நல்ல காலை எடுத்து வைத்துத் தானாகவே உள்ளே ஏறிப் போனாள்.