நம்ம பொடியில் என்ன இருக்கிறது?

பாரோய் இரவுச் சந்தையில் கச்சாங், அதுதான் வேர்க்கடலை, வறுக்கும் வாசனை வந்தாலே போதும். கூட்டத்தில் என் தோழி செல்வியின் மகளைத் தேடுவேன், அவள் வராத நாளிலும். சிரிக்காமல் கேளுங்கள்.

சிரம்பானில் புத்தகம் தயாரிக்கும் ஒரு சின்ன ஆபீசில் செல்வியும் நானும் சேர்ந்த புதிது. சுவா பக்கம் எங்கள் எஸ்டேட் பெண்களின் சமையல் குறிப்புகள்தான் முதல் புத்தகம். கணினியில் எழுத்தைத் தடிப்பாக்கினால் மட்டும் போதாதாம். இது பண்டம், இது அளவு, இது சேர்மானம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அடையாளம் போட வேண்டும்.

"புக்குல எல்லாம் ஒண்ணாத்தானே தெரியப்போவுது, எதுக்குலா இந்தப் பாடு?" என்பேன்.

"நாளைக்கு வேற எதுக்காச்சும் ஒதவும்டி" என்பாள் செல்வி.

குறிப்பு வாங்கப் போனது பெரிய கூத்து. "நம்ம பொடி ரெண்டு கரண்டி" என்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். எஸ்டேட் லயத்து வீடுகளில் அப்படிக் கேட்பது ஒருத்தியின் கையையே சந்தேகப்படுவது. நாங்களும் 'நம்ம பொடி' என்றே அடையாளம் போட்டோம்.

பிறகு செல்விக்குப் பெண் பிறந்தாள். அவளுக்குக் கச்சாங் துளி பட்டாலும் மூச்சடைக்கும். போன ஆடியில் கோவில் அன்னதானம். செல்வி அந்தப் பழைய புத்தகக் கோப்பைக் கணினியில் திறந்து, சேர்மானத்தில் கச்சாங் இல்லாத பண்டங்களை மட்டும் பிரித்தெடுத்து எனக்கும் அனுப்பினாள். புத்தகத்துக்குப் போட்டது பிள்ளைக்கு உதவுகிறதே என்று பூரித்துப்போனேன். அதில் கத்திரிக்காய்ப் பிரட்டலைப் பார்த்ததும் பகீரென்றது. அதன் சேர்மானத்தில் 'நம்ம பொடி' என்று மட்டும்தானே போட்டிருந்தோம். வீட்டுக்கு ஒரு பிடி பொடி கொண்டுவந்து ஒரே சட்டியில் கொட்டித்தான் கோவிலில் பிரட்டல் செய்வார்கள். எங்கள் அம்மா பொடிக்குக் கச்சாங் வறுப்பாள்.

அதற்குள் செல்வி கோவிலுக்குப் போயிருந்தாள்; மேளச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று மோட்டார் சைக்கிளை விரட்டினேன். பந்தியில் குழந்தை பிரட்டலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாயில வைக்காத!" என்று இலையையே இழுத்துவிட்டேன்.

"என்னடி ஆச்சு?" என்று செல்வி ஓடிவந்தாள்.

"பொடிலா செல்வி! யார் யார் என்ன போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

செல்வி பிள்ளையை வாரிக்கொண்டு அழுதாள். பொடி கொடுத்த பெண்கள் அடுப்படியில் அப்படியே நின்றார்கள். "எங்க கையில வெஷமா இருக்கு?" என்றாள் ஒருத்தி. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த ஆடிக்கு யாரும் வீட்டிலிருந்து பொடி கொண்டுவரவில்லை. செண்டாயான் கடையில் வாங்கிய பாக்கெட் பொடிதான். சேர்மானம் முழுக்கப் பின்னால் அச்சடித்திருந்தது. மூன்று தடவை படித்தேன். ஆனாலும் குழந்தை முதல் வாயை விழுங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வழித்துச் சாப்பிட்டாள். அப்புறம்தான் நான் என் இலையில் கை வைத்தேன். பிரட்டல் நன்றாகத்தான் இருந்தது. எந்த வீட்டு ருசியும் அதில் இல்லை.