கதவோரம் உட்காரச் சொன்ன அம்மா

கோயம்புத்தூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பீடத்தைப் பல வருடங்கள் அம்மாதான் கவனித்துக்கொண்டார். பீடத்துணிகளை எங்கள் துணிகளோடு சேர்க்க மாட்டார். அவற்றுக்குத் தனி வாளி, தனிக் கொடி. இஸ்திரி போடும்போது யாரோடும் பேச மாட்டார். "ஆண்டவர் இருக்கற எடம் கண்ணு, அசிங்கம் பட்டுறக் கூடாது" என்பார். நான் அதைப் பக்தி என்றே நினைத்தேன். இப்போதும் அது பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலைப் பூசைக்கு ஒரு பெண்மணி வருவார். நூல் மில்லில் வேலை பார்த்தவர். புகையிலைப் பழக்கத்தில் கன்னத்தில் புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரியில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தும் ஆறாமல், புண் வெளியே திறந்துவிட்டது. முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு முன்வரிசையில்தான் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால், ஆண்டவராக வணங்கும் அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை நேராகத் தெரியும். அவரைச் சுற்றியிருந்த பெஞ்சுகள் வாராவாரம் காலியாகிக்கொண்டே வந்தன.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போதே அம்மா அவரிடம் போனார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இது பரிசுத்தமான எடமுங்க. இந்த நாத்தத்தோட ஆண்டவர் முன்னால வந்து உக்காரலாமுங்களா? கதவோரமா உக்காந்துக்கங்க, காத்தும் வரும்."

அவர் தலையை ஆட்டினார். துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அடுத்த வாரம் முன்வரிசையில் நிம்மதியாக மூச்சுவிட்டதும் நான்தான். ஓரிரு வாரங்கள் அவர் கதவோரம் உட்கார்ந்தார். பிறகு வரவேயில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் பீடத்துணி மாற்றப் போயிருந்தோம். கோயிலில் வேறு யாருமில்லை. நான் பக்கவாட்டு வாசலில் சம்பங்கிக் காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தேன். பூவோடு உள்ளே வந்தபோது அம்மா பீடத்தின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணி கிடந்தது.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்ல கண்ணு." நற்கருணைப் பேழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவரு என்னையப் பாக்கறாரு" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. காட்சி எதுவும் காணவில்லை, சத்தமும் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். துணியை விரிக்கக் கையை நீட்டினாராம். கை போகவில்லையாம். அவ்வளவுதான். அப்போது என்னிடம் சொன்னது இது மட்டும்: "புண்ணு அந்தம்மா வாயில கண்ணு. நாத்தம் என் வாயில இருந்துதான் வந்துருக்குது. இந்தக் கையோட நான் எப்படி இதத் தொடுவேன்?"

அன்று துணியை நான்தான் விரித்தேன். கோணலாக இருந்தது. அம்மா அதைச் சரிசெய்யக்கூட எழுந்து வரவில்லை.

மாலையில் பங்குச்சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தார். வாசல்வரை கூடவே வந்த சாமியார், "அந்தம்மாகிட்ட நீங்களே போகணும். அதை நான் செய்ய முடியாது" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

திங்கட்கிழமை காலை என் ஸ்கூட்டரில் போனோம். உக்கடம் குளத்துக்குப் பின்னால், லைன் வீடுகளில் கடைசி வீடு. சந்துக்குள் நுழையும்போதே வாடை வந்தது. கதவைத் திறந்தது அவருடைய மகள். தையல் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"உங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கோணும் அம்மணி."

"அன்னிக்குக் கோயில்ல இருந்து ஊட்டுக்கு வந்து எங்கம்மா செவுத்துல மாட்டியிருந்த மொகம் பாக்கற கண்ணாடியக் கழட்டித் திருப்பி வெச்சுட்டாங்க. இன்னும் அப்படியேதானுங்க கெடக்குது. பாக்கறீங்களா?"

அம்மா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, கைகூப்பிக் கேட்டார். பாயில் படுத்திருந்தவருக்குப் பேச்சு போயிருந்தது. மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். மகளுக்கு வேலைக்குப் போயாக வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கடைசியில் அவள், "இருக்கறதுன்னா இருங்க. ஆனா மன்னிப்புக் கின்னிப்புன்னு எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள். அன்றிலிருந்து அம்மாவின் பகல்கள் அந்த வீட்டில்தான் கழிந்தன.

வீடுகளுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவர் அம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அம்மா புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, துணி மாற்றுவார். புழு வைத்தபோது குறட்டால் எடுத்தார். ராகிக் கூழை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவார். மலம் பட்ட துணிகளைப் பொதுக்குழாயடியில் அலசுவார். சாயங்காலம் கூட்டிவரப் போகும் நான் சந்து முனையிலேயே நின்றுகொள்வேன். ஒருநாள் புண் துடைத்த பஞ்சு போடும் தட்டைப் பிடிக்கக் கூப்பிட்டார். பிடித்தேன். வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"மறுபடியும் கேட்டுப் பாத்தீங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு. அவிங்களே வலியில கெடக்கறாங்க. என் பாரத்தையும் அவிங்க மேல எறக்கி வெக்கச் சொல்றியா?"

நிலைமை மோசமானபோது சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். துளி அப்பத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கலாம் என்றார். அன்று விடுமுறை, மகளும் நானும் அங்கே இருந்தோம். பாயில் கிடந்தவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சாமியாருக்குப் புரியவில்லை. அவர் தன் கன்னத்தைக் காட்டினார், மூக்கைக் காட்டினார், பிறகு கதவைக் காட்டினார்.

மகள்தான் சொன்னாள்: "இந்த நாத்தத்தோட ஆண்டவர வாங்கக் கூடாதுங்கறாங்க, சாமி."

அம்மா அப்படியே தரையில் விழுந்து பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது பொய்யுங்க. ஆண்டவரு அப்படிச் சொல்லலைங்க. நான்தானுங்க சொன்னேன். எனக்கு அவரத் தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க." சாமியாரும் குனிந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பாயில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் மெதுவாக அசைந்து வேண்டாம் என்றது. சாமியார் ஜெபித்து, நோயில் பூசும் எண்ணெயை நெற்றியில் பூசிவிட்டு, கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போனார்.

அந்த வாரமே ஒரு காலையில் புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டது. அம்மா மட்டும்தான் இருந்தார். துண்டு மேல் துண்டாக வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா முழங்கைவரை ரத்தத்தோடு, உயிர் போனவரின் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஏதாவது சைகை காட்டினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் உடலைக் கழுவினார்கள். கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். கல்லறைத் தோட்டத்திலேயே ஜெபம் நடந்தது. கூட்டம் இல்லை.

அம்மா பீடத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். "உங்க பாவத்தத்தான் ஆண்டவர் மன்னிச்சிட்டாரே, ஏன் உங்களையே தண்டிச்சுக்கறீங்க?" என்று சாமியார் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"தண்டனை இல்லீங்க சாமி. பீடத்துக்கு ஆள் நெறைய இருக்குது. அங்க ஆளில்லீங்க."

அங்கே என்று அம்மா சொன்னது பல்லடம் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தை. ஆஸ்பத்திரிகள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் அம்மா அங்கேதான். படுக்கைப்புண் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, சோறு ஊட்டுவது. திட்டுகிறவர்களும் எச்சில் துப்புகிறவர்களும் உண்டு. எனக்குக் கோபம் வரும். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

இப்போது அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, குனிய முடியாது. அதனால் கழுவுவது என் வேலையாகிவிட்டது. எப்போதும் மனமுவந்து செய்கிறேன் என்று சொல்ல முடியாது. சில நாள் அப்படிச் செய்கிறேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன்.

போன மாதம் ஸ்கூட்டரில் இல்லத்துக்குப் போகிற வழியில் கேட்டேன். "அந்தம்மா உங்கள மன்னிச்சிருப்பாங்களாம்மா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தெரியல கண்ணு. அவிங்க சொல்லலையே." பிறகு என் தோளைத் தட்டினார். "பாத்து ஓட்டு. புதுசா வந்துருக்கற பாட்டிக்கு இன்னிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தோணும்."